ஒருத்தி வெயிட்டுக்கு உதிராத கொள்ளு

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் படித்த படிப்பெல்லாம் நசுங்கிவிடும் என்று நினைப்பார்கள். எனக்கு அது முற்றி, மொபெட் வாங்கிக் கொடுத்தால்தான் தீரும் என்ற கட்டத்துக்கு வந்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி., அதற்குமேல் டைப்ரைட்டிங் ஹையர். (எண்பதுகளின் தொடக்கத்தில் கீழ்பென்னாத்தூரில் இதைச் சொன்னால் கேட்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். உட்காராவிட்டால் இன்னொரு முறை சொல்வேன்.) திருவண்ணாமலையில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட் வேலை கிடைத்ததும், எங்கள் வீட்டு எருமை ஒன்று போய் மொபெட் ஒன்று வந்தது.

"எரும பாலாவது குடுத்துச்சு" என்றாள் அம்மா.

அதே அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த நூர்ஜஹான் அக்காவுக்கும் எங்கள் ஊர்தான். பஜார் தெருவில் பாத்திரக்கடை வீட்டுப் பெண். தினமும் ஒன்பது மணி பஸ்ஸில் வருவார். ஒருநாள் கேட்டார்: "ஒரே ஊரு, ஒரே ஆபீசு. நான் பின்னால உக்காந்துக்கறனே?"

"வண்டி புதுசுக்கா. டபுள்ஸ் தாங்காது."

"அப்படியா? நேத்து உங்க நைனா ஒரு மூட்ட புண்ணாக்கு ஏத்தினு போனாரே." (எங்கள் பக்கம் அப்பா என்றால் நைனாதான்.)

"புண்ணாக்கு ஆடாம உக்காரும்க்கா" என்றேன். அக்கா சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் மறக்கவில்லை.

தனியாக ஜம்மென்று போவதில் ஒரே ஒரு குறை. வண்டி நடுவழியில் நின்றுவிடும். பிளக்கைக் கழற்றி, துடைத்து, ஊதி, கரிக்கையோடு போய்ச் சேர்வதற்குள் நேரமாகிவிடும். பத்தேகால் ஆனால் மேனேஜர் வருகைப் பதிவேட்டை மூடி மேஜைக்குள் வைத்துவிடுவார். அந்த மாதம் இரண்டு முறை நான் வருமுன் அது மூடப்பட்டது. "இன்னொரு வாட்டி லேட்டானா, வேற ஆளப் பாத்துக்கறோம்மா" என்றார் சாந்தமாக. அந்தச் சாந்தம்தான் பயமாக இருந்தது.

அது கொள்ளு அறுப்பு சமயம். கொடியைப் பிடுங்கித் தார்ரோட்டில் பரப்பிவிட்டால், போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்து மணியை உதிர்த்துவிட்டுப் போகும். முந்தின நாள் நைனாவிடம் நான் பெருமையாகச் சொன்னேன்.

"பஸ்ஸுக்குன்னு காத்துக் கெடக்காத நைனா. ஆபீஸ் போறப்போ நானே நாலு வாட்டி ஓட்டிக் குடுத்துட்டுப் போறேன்."

"ஒன் ஒருத்தி வெயிட்டுக்கு கொள்ளு உதிராதும்மா."

"சக்கரம்னா சக்கரந்தான் நைனா."

படித்த பெண் சொன்னால் அவர் மறுத்துப் பேசமாட்டார்.

காலையில் கஞ்சி போட்ட புடவையோடு போனேன். ஊருக்கு வெளியே, எங்கள் கொல்லையை, அதாவது நிலத்தை, ஒட்டின ரோட்டில், நைனா மெத்தை மாதிரி பரப்பி வைத்திருந்தார். ஒருமுறை ஓட்டினேன். நைனா குனிந்து, கொடியை விலக்கி, வெகுநேரம் தேடினார்.

"ஒண்ணு உதிர்ந்திருக்குதும்மா" என்றார்.

ரோஷம் வந்துவிட்டது. திருப்பி, முழு வேகத்தில் விட்டேன். கொடி பின்சக்கரத்தில் சுற்றியது, செயினில் நுழைந்தது. வண்டி நின்றது. நான் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கொள்ளுக் குவியலின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். சக்கரம் கயிறு சுற்றிய பம்பரமாகக் கிடந்தது. நைனா அரிவாளை எடுத்து அறுக்கத் தொடங்கினார். அறுக்க அறுக்கக் கொடி வந்துகொண்டே இருந்தது. பத்தேகால் என் கண்முன் நின்றது.

அப்போதுதான் ஒன்பது மணி பஸ் வந்தது. நான் வழியில் உட்கார்ந்திருந்ததால் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, கொள்ளக் காயப் போட்டிருக்கீங்களா, உங்களயா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. படியில்கூட இடமில்லை. அடுத்த பஸ் பதினோரு மணிக்கு. ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. நூர்ஜஹான் அக்கா.

"ஏறும்மா. ஆடாம உக்காந்தா, ஒரு புண்ணாக்கு மூட்டைக்கு எடம் இருக்குது."

நைனா வண்டியை ஓரமாக இழுக்க, நான் ஏறினேன். அக்கா நகர்ந்து பாதி சீட்டைக் கொடுத்தார். ஆடாமல் உட்கார்ந்தேன். பஸ் எங்கள் கொள்ளின்மேல் ஏறி இறங்கியது. பின்னால் நைனாவின் குரல், மகளை வழியனுப்பாமல், "ஆங், இதான் உதிர்றது" என்றது.

வழியெல்லாம் அக்கா என் தலையிலிருந்து கொள்ளு பொறுக்கித் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டே வந்தார். பத்து பத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். அப்போதும் ஒரு மணி என் கொண்டையிலிருந்து பதிவேட்டில் விழுந்து, மேனேஜரின் பேனா வரை உருண்டது. அவர் அதை எடுத்துப் பார்த்தார்.

"எந்த ஊர்க் கொள்ளும்மா?"

"எங்க கொல்லதுங்க சார்."

"நல்லா வெளஞ்சிருக்குது" என்று பதிவேட்டை மூடினார். வேலை தப்பியது.

மறுவாரத்திலிருந்து அக்கா என் பின்சீட்டில். வண்டி நின்றால் தள்ள ஓர் ஆள் கிடைத்தது; அதற்கும் அசையாத நாட்களில் இருவரும் பஸ். அதன்பின் பதிவேடு நான் வருமுன் மூடப்பட்டதே இல்லை.

இப்போது என் தம்பி பைக்கில் தனியாகக் கிளம்பினால் நைனா விடமாட்டார். "யாரையாவது ஏத்தினு போடா. ஒருத்தன் வெயிட்டுக்குக் கொள்ளு கூட உதிராது." யாராவது புது ஆள் வந்து விவரம் கேட்டுவிட்டால் போதும், நான் கொள்ளில் விழுந்த அன்று மாலை அக்கா அந்தக் கைக்குட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஆரம்பித்து, முடிவில் நைனா கணக்கைச் சொல்வார்:

"வண்டி உதிர்த்தது ஒண்ணு. எம் பொண்ணு தல உதிர்த்தது ஒரு பிடி."