நீரூற்றும் சஸ்பென்ஷன் மாமாவும்

டெல்லியில் ஓடுகிற மிக்ஸி, கிரைண்டர், கூலர் அத்தனையும் ஒரு மனிதரைக் கண்டு நடுங்கியது உண்டென்றால், அவர் எங்கள் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ் சஸ்பென்ஷன் மாமாதான். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், தப்பு செய்த ஊழியர்களை விசாரிக்கும் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். விசாரிக்க மனிதர்கள் கிடைக்காமல் போனதும் மெஷின்களைப் பிடித்துக்கொண்டார்.

எது கெட்டுப்போனாலும் முதலில் விசாரணை. அப்புறம் சஸ்பென்ஷன், அதாவது பிளக்கைப் பிடுங்குவது. அதற்கும் திருந்தாவிட்டால் டிரான்ஸ்பர், அதாவது வேறு பிளக் பாயின்ட். எங்கள் கூலரை ஒருமுறை சமையலறைக்கு டிரான்ஸ்பர் செய்துவிட்டார். அந்த வாரம் முழுக்க ரசம் ஜில்லென்றுதான் இருந்தது. ரிப்பேர்காரரைக் கூப்பிடலாம் என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "விசாரிக்காம டிஸ்மிஸ் பண்ணப்படாது ஓய்! நாளைக்கே கோர்ட்டுக்குப் போயிடும்!"

ஒரு நவராத்திரியில் எங்கள் டிவி ரெக்கார்டர் பெட்டி படுத்துவிட்டது. சிவப்பு விளக்கு ஒரு சிமிட்டல், அதோடு சரி. என் மனைவி வசந்தா ஒரு தமிழ்ச் சேனலில் வத்தக்குழம்பு செய்துகாட்டிய நிகழ்ச்சி அதற்குள்தான் பதிந்திருந்தது. கம்பெனிக்குப் போன் செய்தேன். வேறு பெட்டி தருவார்களாம், பதிவு போனது போனதுதானாம்.

அன்று சாயங்காலம் திருச்சியிலிருந்து வசந்தாவின் அக்கா வருகிறாள். "வெந்நீர் வைக்கத் தெரியாதவ நீ, டிவில சமைச்சியாக்கும்?" என்று போனில் சிரித்த அதே அக்கா.

"அவ கண்ணால பார்க்கணும். இல்லேன்னா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவா" என்று வசந்தா கண் கலங்கிவிட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஓடிப்போய் மாமாவை அழைத்து வந்தேன்.

மாமா பெட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "கடைசியா எப்ப டியூட்டிக்கு வந்தே?" பெட்டி வாயைத் திறக்கவில்லை.

"அச்சா! பதில் இல்லே. சஸ்பெண்ட்!"

சஸ்பெண்ட் செய்வதில்தான் சிக்கல். பிளக் போர்டு கொலுப்படிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது.

"விஜயதசமி வரைக்கும் படியை அசைக்கக் கூடாது மாமா!" என்று வசந்தா பதறினாள்.

"படி அசைய வேண்டாம். அதிகாரி அசையறேன்" என்றவர், படியை மூடியிருந்த வேட்டியைத் தூக்கிவிட்டு உள்ளே தவழ்ந்தார். தலை போயிற்று, தோள் போயிற்று. தொந்தி மட்டும் சட்டத்தில் சிக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் அக்கா.

கொலுவுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவள் திகைத்து நிற்க, "யாரு, அக்காவா? வாங்கோ! கொலுவுக்கு வந்தா ஒரு பாட்டுப் பாடணும்!" என்று படிக்குள்ளிருந்து குரல் வந்தது. அக்கா பாடவில்லை, அலறினாள்.

உள்ளே மாமா பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கியதுதான் தாமதம், கொலுப் பார்க்கில் இருந்த குட்டி நீரூற்று நின்றுபோயிற்று. காலையிலிருந்து அது செட்டியார் பொம்மையின் தலை நனையும் உயரத்துக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாம் மெச்சிவிட்டுப் போயிருந்தார்கள்.

"பெட்டி பிளக்கைப் பிடுங்கினா ஊத்து ஏன் நிக்கறது?" படிக்குள் ஒயரை உருவும் சத்தம். பிறகு கர்ஜனை. "வசந்தாம்மா! இது ஆள்மாறாட்டக் கேஸ்!"

விஷயம் இதுதான். காலையில் தூசி தட்டிய வசந்தா, பெட்டியின் அடாப்டரை நீரூற்றுக்கும், நீரூற்றின் அடாப்டரைப் பெட்டிக்கும் மாற்றிச் செருகிவிட்டாள். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் ஒரே மாதிரி முனை. பெட்டியின் கரண்டைக் குடித்து ஊற்று கும்மாளம் போட, ஊற்றுக்கு உரிய சொற்பக் கரண்டில் பெட்டி எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறது. மாமா சிக்கிய இடத்திலிருந்தே ஒயர்களை மாற்றி நீட்ட, நான் செருகினேன். பெட்டி கண் விழித்தது.

திரையில் பட்டுப்புடவையும் கரண்டியுமாக வசந்தா. அக்கா கடைசிவரை பார்த்தாள்.

"எல்லாம் சரிடி. உப்புப் போட மறந்துட்டியே!"

வசந்தாவின் முகம் வாடிவிட்டது.

"ஆட்சேபணை!" என்றது கொலுப்படி. "புளி கொதிக்கறச்சயே போட்டாச்சு. கல்லுப்பு. நீங்க புடவையைப் பார்த்துண்டிருந்தேள். நான் டெலிகாஸ்ட் அன்னிக்கும் பார்த்தேன், மறு ஒளிபரப்பையும் பார்த்தேன். சாட்சி நான்!"

ரீவைண்ட் செய்தோம். உப்பு விழுந்தது. அக்கா சிரித்துக்கொண்டே தங்கையை இழுத்து அணைத்துக்கொண்டு, "இன்னிக்கு அதையே வைடி, சாப்பிடலாம்" என்றாள். நாங்கள் மூவருமாகக் காலைப் பிடித்து இழுத்துத்தான் சாட்சியை வெளியே கொண்டுவந்தோம்.

இப்போது நாங்கள் நொய்டாவில் இருக்கிறோம். இன்றைக்கும் வசந்தா மாமாவுக்குப் போன் போட்டு, "மாமா, எங்க மிக்ஸி மேல ஒரு விசாரணை இருக்கு" என்பாள். நெடுநேரம் இருவரும் மிக்ஸியை விசாரிப்பார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆசையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். மிக்ஸிக்கு ஒரு கோளாறும் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.