பின்கதவுக் கைப்பிடி

"மச்சான், கைப்பிடி ஓட்டை கீல் பக்கம் வந்து குந்திகினு கீது" என்றான் மைத்துனன் அன்வர் பாஷா.

பக்கீர் முகமது நம்பவில்லை. கார்க் கதவில் வைத்த பலகையை எட்டி நின்று பார்த்தான், குனிந்து பார்த்தான், தலையைச் சாய்த்தும் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் ஓட்டை கீல் பக்கம்தான் இருந்தது.

பூந்தமல்லியில் ஜட்கா வண்டிக்கு மெத்தை தைப்பதில் பக்கீரை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு பக்கப் பலகையையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஒரே மூச்சில் அறுப்பான். அடுக்கியது அடுக்கியபடியே எடுத்து, மேல் முகத்தில் தோலை இழுத்து அடித்துவிடுவான். எந்தப் பலகை எந்தப் பக்கம் போனாலும் குதிரை கேள்வி கேட்பதில்லை. காருக்கும் அப்படியே செய்தான். வலது கதவில் பலகை அச்சாக உட்கார்ந்தது. இடது கதவுக்குப் பலகையைத் திருப்பிப் போட்டுத் தோல் அடித்திருக்க வேண்டும்; அங்கேதான் ஓட்டையெல்லாம் இடம் மாறி நின்றது.

கார் பரந்தாம முதலியாருடையது. சென்னீர்குப்பத்தில் நாடகக் கொட்டகை நடத்துகிறவர். கப்பலேறி ஊருக்குப் போன ஒரு துரையிடம் வாங்கிய பெரிய கார். டிரைவருக்கும் பின்சீட்டுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்புகூட உண்டு. பட்டணத்திலிருந்து ராஜபார்ட் வரதனை அழைத்துவர இதைத்தான் அனுப்புவார். போன இரண்டு நாடகத்திலும் என்ன கோளாறோ, ராஜா வரவே இல்லை. மந்திரியே அழுது முடித்தார், ஜனங்கள் மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போனார்கள்.

பின்கதவு இரண்டிலும் உள்பலகை மாடு முட்டியதுபோல் பிளந்து கிடந்தது. முன்கதவில் ஒரு கீறல் இல்லை. ஏன் என்று பக்கீர் கேட்கவில்லை. பெரிய மனுஷன் சாமானைப் பற்றிக் கேள்வி கேட்கிறவனுக்கு அடுத்த வேலை வராது.

"பலகை கெட்டியா இருக்கணும் பாய். எனக்கு வேற ஒண்ணும் வாணாம்" என்று மட்டும் முதலியார் சொல்லியிருந்தார். சாயங்காலம் கார் பட்டணம் போக வேண்டும். வேலை பிடித்துப்போனால், அவர் புதிதாக விடப்போகும் பஸ்களுக்கெல்லாம் சீட்டு தைப்பது பக்கீர்தான். பிடிக்காவிட்டால், பஸ் வந்தபின் சவாரி இல்லாமல் தாங்களே நடந்துபோகும் ஜட்காக்காரர்களை நம்பித்தான் அவன் அடுப்பு எரிய வேண்டும்.

கார் வாசலுக்கு வந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டி நஜ்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து அழகு பார்த்தான். முன்சீட்டில் ஒரு துணி முடிச்சு கிடந்தது. பிரித்தால் உள்ளே நான்கு கைப்பிடிகள்: கதவு திறக்க இரண்டு, கண்ணாடி இறக்க இரண்டு. கழன்று விழுந்ததை டிரைவர் கோவிந்தன் எடுத்து வைத்திருக்கிறான், மாட்டிக்கொடுப்பது நம் பொறுப்பு என்று பக்கீர் மடியில் கட்டிக்கொண்டான்.

இப்போது தோலைப் பிரித்துத் திருப்பி அடிப்பதா என்று அவன் யோசிப்பதற்குள் அன்வர் பாஷா துரப்பணத்தை எடுத்து, சரியான இடத்தில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுவிட்டான். கைப்பிடி வரும். ஆனால் பழைய ஓட்டை இரண்டும் ஆந்தைக் கண் மாதிரி முறைத்தன.

பக்கீர் குதிரை நெற்றிப் பட்டத்துக்கு வைத்திருந்த பித்தளைப் பூக்களைக் கொண்டுவந்து அவற்றின்மேல் அடித்தான். சிவப்புத் தோலில் பூ பளபளத்தது.

நஜ்மா வந்து பார்த்தாள். "இன்னா இது, ஒரு காதுல மட்டும் கம்மல் போட்ட மாதிரி?"

வலது கதவிலும் பூ ஏறியது. கைப்பிடியைச் சும்மா செருகிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தால் 'கிரீச்' என்றது. பூவின் காம்புகள் பலகைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு கண்ணாடியைச் சுரண்டின. கண்ணாடியை அவசரமாக மேலே ஏற்றி, கைப்பிடியை உருவிக்கொண்டு, பலகையின் விளிம்பைச் சுற்றித் தேங்காய் நார் வைத்து முன்னுக்குத் தள்ளினான். எடுப்பாகத் தெரியட்டும் என்று தோலுக்கு அடியிலும் நாரைத் திணித்தான். ஜட்கா மெத்தை தைத்த கை, கொஞ்சத்தில் நிற்காது. பலகை இரண்டும் உண்டு கொழுத்த மடாதிபதி வயிறு மாதிரி வந்துவிட்டன.

கைப்பிடியை மாட்டப் போனான். மாட்ட வேண்டிய இரும்பு முளை நாருக்குள் முங்கிப் போயிருந்தது. விரலை விட்டுத் தேடினாலும் அகப்படவில்லை.

வெயில் சாய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும் என்றான் பக்கீர்.

"எதுக்குப் பிரிக்கணும்?" என்றான் அன்வர் பாஷா. "நீ பொறந்ததுலேர்ந்து எந்த மொதலாளியாவது தன் கையால கார்க் கதவத் தொறந்துகினு எறங்கிப் பாத்துக்கீறியா? வெளிய ஒருத்தன் ஓடியாந்து தொறப்பான், இவுரு எறங்குவாரு. உள்ள இன்னாத்துக்குக் கைப்பிடி?"

பக்கீர் யோசித்துப் பார்த்தான். அவன் பார்த்த முதலாளிகளில் ஒருவர்கூடத் தானே கதவைத் திறந்ததில்லை. ஓட்டை தெரியாமல் மேலே ஒரு தோலை வைத்து, பூவை மட்டும் வெளியே விட்டுத் தைத்து முடித்தான். முடித்ததும் சந்தோஷம் தாங்காமல் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான். அன்வர் பாஷா கதவைச் சாத்தி, "நவாபு மாதிரி கீற மச்சான்" என்று சொல்லிவிட்டு, இரவல் வாங்கிய துரப்பணத்தைக் கொடுக்கப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் நவாபுக்குப் புழுங்கியது. கதவைத் திறக்கக் கை நீட்டினான். கைப்பிடிகள் மடியில் இருந்தன. கண்ணாடி இறங்கவில்லை, நடுத்தடுப்பும் அசையவில்லை. கத்தினான். குரல் வெளியே போகவில்லை. தெருவில் போனவர்கள் பக்கீர் பாய் கார் வாங்கிவிட்டார் என்று நினைத்துச் சலாம் வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் முதலியார் வந்தார், பின்னால் கோவிந்தன். பக்கீருக்கு மூளை கலங்கிவிட்டது. அவர் வருவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். சீட்டில் மல்லாந்து, இரண்டு காலாலும் கதவை ஓங்கி உதைத்தான். மெத்தை 'பொத்' என்று உதையை வாங்கிக்கொண்டது. இன்னும் பலமாக உதைத்தான். பஞ்சுமூட்டையை உதைத்த மாதிரி கால்தான் திரும்பி வந்தது.

நிமிர்ந்தால் கண்ணாடிக்கு வெளியே முதலியார் முகம். பஸ்ஸெல்லாம் வரிசையாக ஓடிப்போவது பக்கீர் கண்ணுக்குத் தெரிந்தது.

முதலியார் கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினார். "இன்னொரு ஒத ஒதைங்க பாய்."

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தான். ஆனாலும் முதலாளி சொல்லாயிற்றே, உதைத்தான். கதவு அசையவில்லை. முதலியாரே தன் கையால் கதவைத் திறந்தார். வெளியே விழுந்தவனைத் தூக்கி, வேர்வையோடு கட்டிக்கொண்டார்.

"பஸ்ஸு சீட்டு மொத்தமும் உனுக்குத்தான்யா."

பொய்யோடு வாங்கிய வேலை நிலைக்காது என்று பக்கீர் மடியை அவிழ்த்து, கைப்பிடியை மாட்ட முடியவில்லை என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி நீட்டினான். முதலியார் வாங்கி, சாக்கடையில் வீசிவிட்டு, பூவைத் தடவிப் பார்த்தபடியே முன்சீட்டில் போய் ஏறிக்கொண்டார்.

வாய் பிளந்து நின்ற பக்கீரின் காதருகே கோவிந்தன் குனிந்தான்.

"அத்தக் கழட்டி முடிஞ்சி வச்சதே நான்தான் பாய். ராஜபார்ட்டு வர்ற வழியில நூம்பல் கள்ளுக்கடையாண்ட கதவத் தொறந்துகினு எறங்கி ஓடறான்னு கழட்னா, போன தபா பலகைய ஒதச்சிப் பொளந்து, உள்ள கைய உட்டுத் தொறந்துகினு பூட்டான்."