இல்லாத சிரிப்புக்கு நஷ்டஈடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், உங்கள் மாமியார், என் முகத்தின் இடது பாதி ஆகிய மூவரும் நலம். அவ்விடம் நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முகத்தின் வலது பாதி குறித்துச் சில உண்மைகளைச் சொல்லி, உங்களிடம் ஒரு கையெழுத்து வாங்கவே இக்கடிதம். தாளை உள்ளே வைத்திருக்கிறேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முப்பத்தொரு வருடமாகப் பேருந்தில் டிக்கெட் பரிசோதிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், படிக்காமல் வாங்கி வைத்துக்கொள்கிற தாள்தான் ஆளை மாட்டிவிடும்.

விபத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் மனைவி வழியாகத் தெரியும். அவள் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள், அதனால் முக்கியமான பகுதி விட்டுப்போயிருக்கும். எட்டு மாதத்துக்கு முன்னால் நான் பின்வாசல் வழியாக ஏறி ஏழாவது இருக்கை வரை வந்திருந்தேன், குறுக்கே யாரோ வந்ததால் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார், மேல் தட்டிலிருந்த தகரப்பெட்டி சறுக்கி அதன் மூலை என் வலது காதுக்கு முன்னால் இறங்கியது. வண்டியே கூச்சல் போட்டது. நான் கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு முதலில் கேட்டது, "இந்தப் பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் எங்கே?" என்றுதான். பெட்டிக்காரர் எடுக்கவில்லை. அங்கேயே நின்று அபராத ரசீது எழுதினேன், கார்பன் வைத்து மூன்று பிரதி. ரத்தம் முதல் பிரதியோடு நின்றுவிட்டது, எழுத்து மூன்றாவது பிரதி வரை தெளிவாக விழுந்திருந்தது என்று டிப்போ மேனேஜரே பாராட்டினார். இதை உங்கள் மனைவி சொல்லியிருக்க மாட்டாள்.

பிறகு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது, முகத்தை ஆட்டிவைக்கிற நரம்பு அறுந்துவிட்டது என்று. தைத்தார்கள். நரம்பு மறுபடி வளர்ந்தது, ஆனால் வழி மாறி வளர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அழைப்புமணியை அழுத்தினால் நம் வீட்டில் அடிக்கிற மாதிரி என்று நரம்பு டாக்டர் விளக்கினார். வலது பக்கத்தை நானாக அசைக்க நினைத்தால் அசையாது. ஆனால் கண்ணை மூடினால் வாயின் வலது ஓரம் தானாக மேலே ஏறும். ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் நான் சிரிக்கிற மாதிரி ஊருக்குத் தெரிகிறது. என்னைப் போய். கண்டக்டர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கருங்கல் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதை நான் பட்டப்பெயராக நினைத்ததே இல்லை, பதவி உயர்வாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நஷ்டஈட்டுக்கு முதலில் எவ்வளவு ஊனம் என்று டாக்டர் சதவீதம் போட வேண்டுமாம். கன்னத்தில் ஊசி குத்தி, மின்சாரம் விட்டு, சேதி போய்ச் சேர எத்தனை நேரமாகிறது என்று அளந்தார். புருவத்தைத் தூக்கச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார், விசிலடிக்கச் சொன்னார். இடது பாதியால் முடிந்தவரை எல்லாம் செய்தேன். கடைசியில், "இப்ப சிரிங்க சார்" என்றார்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா சிரிக்கிற பழக்கம் இல்லைங்க."

அவர் ஒரு ஜோக் சொன்னார். நானும் மரியாதைக்கு முழுவதும் கேட்டேன். பதினெட்டு சதவீதம் என்று போட்டுவிட்டுக் கீழே, "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினார். வாழ்நாளில் என்மேல் விழுந்த ஒரே கரும்புள்ளி அது.

அதற்குப்பின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து மதிப்பீடு செய்கிற அம்மாள் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்து, நஷ்டஈட்டுக்காக நாம் வைத்திருக்கும் வக்கீலை ஒருபக்கமும் என்னை ஒருபக்கமும் உட்காரவைத்தார். நல்ல பெண், எழுத்தும் நன்றாக இருந்தது. "டாக்டர் சொன்ன சதவீதம் மட்டும் போதாது சார். ஒரே நரம்பு அறுந்தாலும் ஆளுக்கு ஆள் நஷ்டம் வேற. பாட்டுப் பாடுறவங்களுக்கு ஒண்ணு, பாரம் தூக்குறவங்களுக்கு ஒண்ணு. வயசு, வேலை, வலி, இனிமே ஆகப்போற வைத்தியம், எல்லாம் தனித்தனியாப் பார்க்கணும்" என்றார். வருமான இழப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் என் டைரியைக் கொண்டுவந்து வைத்தேன். விபத்துக்கு முன் மாதம் நாற்பது பேரைப் பிடித்தேன், இப்போது அறுபத்தொன்று. காரணத்தையும் விளக்கினேன். டிக்கெட் எடுக்காதவன் முன்னால் போய் நின்று நான் சாதாரணமாகக் கண் சிமிட்டினாலே போதும், ஆள் கண்டுபிடித்துவிட்டுச் சிரிக்கிறார் என்று நினைத்து அவனே பையைத் திறந்துவிடுகிறான். பேசிக்கொண்டிருக்கும்போதே வக்கீல் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நானும் திருப்பி மிதித்தேன். அந்த அம்மாள் வருமான இழப்பில் பூஜ்யம் போட்டார். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அந்த அறுபத்தொன்று படிவத்தில் ஏறியதே போதும்.

சிக்கல் கடைசிக் கட்டத்தில் வந்தது, மாப்பிள்ளை. வாழ்க்கையின் சந்தோஷம் குறைந்தது என்று ஒரு கட்டம். இருப்பதிலேயே பெரிய தொகை அதில்தான். "முன்னாடி நல்லாச் சிரிப்பீங்களா சார்?" என்று கேட்டார்.

"கிடையாது."

"எழுதிக்கோங்க மேடம், வீட்டுல ஓயாமச் சிரிப்பார்" என்றார் வக்கீல்.

"பொய் சொல்லாதீங்க" என்றேன் நான். முப்பத்தொரு வருடத்து அடையாள அட்டைகள் ஆறையும் மேசையில் வரிசையாக அடுக்கினேன். தலைமுடிதான் மாறியிருக்கிறது, முகம் மாறவில்லை. எனக்கு இல்லாத சிரிப்பு போய்விட்டது என்று பணம் வாங்குவது, வாங்காத டிக்கெட்டுக்கு மீதிச் சில்லறை கேட்கிற மாதிரி. எனக்குப் போனது கடுமை. அதற்குக் கொடுங்கள் என்றேன். போன வாரம் ஒரு கைக்குழந்தை என்னைப் பார்த்துப் பதிலுக்குச் சிரித்தது, இது என் சர்வீஸில் நடக்காத சம்பவம் என்றும் சொன்னேன். "கடுமைக்குக் கட்டம் இல்லை சார்" என்றார். இதுவரை தொகையைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லையாம். அந்தக் கட்டத்தை எடுக்க வேண்டுமானால், விபத்துக்கு முன்பே என்னை அறிந்த, ரத்த சம்பந்தம் இல்லாத ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்.

அந்தத் தொகையில்தான் ஆபரேஷன் செய்யலாம் என்று உங்கள் மாமியார் நினைத்திருந்தாள். காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்தால் சிரிப்பு ஓரளவு திரும்பும் என்கிறார் டாக்டர். இல்லாத சிரிப்புக்காக நல்ல காலை எதற்கு வெட்டுவது? அந்த அம்மாள் போனபின் இதைத்தான் கேட்டேன். "உங்களுக்கு உங்களைப் பத்தி என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனவள் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசும்போது பேசட்டும் என்று விட்டுவிட்டேன். பணம் வரும் போகும், பேர் போனால் வராது.

ஆகவே உங்கள் கையெழுத்து வேண்டும். "என் மாமனார் சிரித்து நான் பார்த்ததில்லை" என்ற ஒரே வரிதான். ஐந்து வருடமாக நீங்கள் கண்ட உண்மை, மனசாட்சிக்குக் கஷ்டமில்லை. ஞாபகத்துக்காக ஒன்று சொல்கிறேன். உங்கள் கல்யாணத்தன்று நீங்கள் உட்கார்ந்த நாற்காலி கால் உடைந்து நீங்கள் மாலையோடு மல்லாந்து விழுந்தீர்கள். மண்டபமே சிரித்தது. உங்கள் அப்பா சிரித்தார், போட்டோக்காரர் கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், என் மகள்கூடச் சிரித்தாள். நான் சிரித்தேனா? நேராக வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். அதற்குக் கைமாறாக நினைத்தாவது போட்டு அனுப்புங்கள்.

மற்றபடி எழுத விசேஷம் இல்லை. என் மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கம். இருவரும் எல்லா நலமும் பெற்று, எங்கு போனாலும் முறையாக டிக்கெட் எடுத்துப் போய், நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் மாமியார் வந்து ஒரு போட்டோவைக் கடிதத்தின்மேல் வைத்தாள். என் மகள் பிறந்து மூன்றாம் நாள். ஆஸ்பத்திரி ஜன்னலோரம், சீருடையோடு, குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஒருவன் நிற்கிறான். வாய் இரண்டு பக்கமும் காது வரை போயிருக்கிறது. முதலில் யாரோ என்று நினைத்தேன். சட்டையில் என் வில்லை எண் இருக்கிறது.

"யார் எடுத்தது?" என்று கேட்டேன்.

"நான்தான், கட்டில்ல இருந்தே எடுத்தேன். நீங்க கவனிக்கலை."

"இத்தனை வருஷம் ஏன் காட்டலை?"

"பார்த்தா அப்புறம் சிரிக்க மாட்டீங்களேன்னுதான். இது ஒரு தடவை இல்லைங்க. அவ தூங்கினதுக்கு அப்புறம் தினமும் வந்து பார்த்துட்டு இப்படித்தான் நிப்பீங்க."

கண்ணாடி முன்னால் போய் அதே மாதிரி செய்து பார்த்தேன். இடது பக்கம் போகிறது, வலது பக்கம் அப்படியே நிற்கிறது. கண்ணை மூடினால் ஏறுகிறது, கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடி பார்க்க முடியாது. வெகுநேரம் நின்றேன், மாப்பிள்ளை. இது போய்விட்டது என்று எட்டு மாதமாக எனக்குத் தெரியவே இல்லை.

ஆகையால் உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம், கிழித்துவிடுங்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு பைசா குறைக்காமல் கேட்கும்படி வக்கீலுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். காலிலிருந்து நரம்பை எடுத்துக்கொள்ளச் சொல்லி டாக்டருக்கும் சொல்லியாகிவிட்டது. போட்டோவின் பிரதி ஒன்று இத்துடன் வருகிறது, என் மகளிடம் கொடுக்கவும். நீங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும். லேசுப்பட்ட சிரிப்பு இல்லை அது.