இருநூறு மணி நேர விமானி

தரையை விட்டு ஒரு சாண்கூட எழும்பாமல் ஆகாயத்தைக் கரைத்துக் குடித்துவிட்ட ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நனையாமல் நீச்சலைப் பற்றிப் பேசுவார்கள். பெறாமல் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சிலே ஒரு பிசிறு இருக்காது. இந்த இனத்தின் உச்சாணிக் கிளையில் உட்கார்ந்திருப்பவர், ரிமோட் விமானத்தைக் கணினித் திரையிலேயே ஓட்டி முடித்தவர்.

நான் சொல்லப்போகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று பதினெட்டு வருடம் பிறரைக் கேட்டே காலம் தள்ளியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடைசியில் உள்ள மைதானத்தில், தையல்கடை அம்மா ஒருவர் தெர்மாகோல் விமானம் ஒன்றைக் காக்கை மாதிரி வட்டமடிக்க விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அன்றோடு மனிதர் மயங்கிப் போனார்.

"எடுத்த உடனே விமானம் வாங்கிடாதீங்க. ஒரு மாசம் கம்ப்யூட்டர்ல ஓட்டி ஒடைங்க. அங்க ஒடைஞ்சா ஒட்ட வேண்டாம்" என்றார் அந்த அம்மா. அருமையான யோசனை. அதில் 'ஒரு மாசம்' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் நம்மவர் காதில் விழவில்லை.

முதல் நாள் திரையில் நாற்பத்தொரு முறை விமானம் மூக்கால் மண்ணைக் குத்தியது. அதனால் என்ன? கணினியில் செருகிய ரிமோட்டின் மூலையில் ஒரு பொத்தான். அழுத்தினால், நொறுங்கிய விமானம் புத்தம் புதிதாக ஓடுபாதையில் வந்து நிற்கும். சொன்ன சொல்லுக்கு அப்படி ஒரு பொத்தான் உண்டா? கட்டிய கல்யாணத்துக்கு உண்டா? மூன்றாம் மாதம் தலைகீழாகப் பறந்தார். ஐந்தாம் மாதம் விமானத்தை அந்தரத்தில் செங்குத்தாக நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு கையால் காபி குடித்தார். எட்டாம் மாதம் கணினியே கணக்குச் சொன்னது: இருநூறு மணி நேரம்.

அதன் பிறகு, ஞாயிறு தவறாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தார். ஓட்டுவதற்கு அல்ல. திருத்துவதற்கு.

"மூக்கை ரொம்பத் தூக்குறீங்க, வேகம் செத்துரும்."

"சரிங்க" என்பார் தையல்கடை அம்மா.

"திரும்பும்போது வாலையும் கொஞ்சம் சேத்துத் திருப்பணும்."

"சரிங்க, கேப்டன்."

விமானம் பூப்போல இறங்கும். நம்மவர் தன் மாணவி தேறிவிட்டதுபோலத் தலையாட்டுவார். 'கேப்டன்' என்ற சொல்லுக்குள் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது அவருக்குத் தெரியாது. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்பவன் காலுக்கு ஒரு பிரேக், தன் காலுக்கு ஒரு பிரேக் உள்ள காரில் நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர். "நீங்க எப்போ நிஜமா ஓட்டப் போறீங்க?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் பதில் ஒன்றுதான்: "குறுக்குக் காத்துப் பாடம் இன்னும் பாக்கி இருக்கு."

இப்படியே போயிருந்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மனைவியின் தம்பி ஒருவர் இருந்தார். மருத்துவமனையில் நர்ஸ். வாய் திறந்து பேசாதவர். வார்டு வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசை மேலே மெல்லிய மரச் சீவல்களை ஒவ்வொன்றாக ஒட்டி, நான்கு மாதத்தில் சிவப்பு இறக்கை வைத்த விமானம் ஒன்றைக் கட்டி முடித்தார். கட்டத் தெரிந்தது, ஓட்டத் தெரியாது. அதைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தி வந்து சொன்னார்: "மாமா, முதல்ல நீங்கதான் பறக்கவிடணும்."

'நான் இதுவரைக்கும் நிஜ விமானம் ஓட்டினதில்லை, மச்சான்.' ஆறே வார்த்தை. இந்த இனத்துக்கு ஆறாயிரம் வார்த்தை வரும். அந்த ஆறு மட்டும் வராது. "அதுக்கென்ன, ஜமாய்ச்சிருவோம்" என்றார் கேப்டன்.

மைதானத்தில் தையல்கடை அம்மா ஒரு கம்பியை நீட்டினார். "ரெண்டு ரிமோட்டையும் சேத்து மாட்டிக்கலாமா? கை தடுமாறுச்சுன்னா நான் வாங்கிக்கிறேன்."

கேப்டன் சிரித்தார். "எனக்கா?"

"என் கார்லயும் எல்லாரும் இப்படித்தான் சிரிப்பாங்க" என்றார் கூட வந்திருந்த மனைவி. "முதல் திருப்பம் வரைக்கும்."

ஒன்று சொல்ல வேண்டும், கம்பி மாட்டாமலே விமானம் அழகாக எழும்பியது. நாற்பது விநாடி, நம்மவர் தாம் யாரென்று சொல்லிக்கொண்டிருந்தாரோ அவராகவே இருந்தார். நர்ஸ் கைதட்டினார். பிறகு விமானம் திரும்பி, நேராக அவர்களைப் பார்த்து வந்தது.

எதிரே வருகிற விமானத்துக்கு நம் இடது வலது. நம் வலது இடது. திரையில் இதை அவர் ஆயிரம் முறை சமாளித்தவர்தான். ஆனால் திரையில் பறந்தது யாருடைய நான்கு மாத உழைப்பும் இல்லை. பக்கத்தில் மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்த்துவதாக நினைத்து இன்னும் சாய்த்தார். பதறி இன்னும் சாய்த்தார். அப்புறம் நடந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்: கேப்டனின் விரல் திருப்புகிற குச்சியை விட்டு விலகி, ரிமோட்டின் மூலையில் இருந்த பொத்தானைத் தேடிப் போனது. அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் 'சடக்' என்று ஒரு சத்தம்.

"காத்துல ஏதோ கோளாறு" என்றார் அவர். "சிமுலேட்டர்ல இப்படி வரவே வராது."

"அப்போ தப்பு உலகத்து மேலதான்" என்றார் மனைவி.

நர்ஸ் வேலியைத் தாண்டிப் போனார். கேப்டனும் பின்னாலேயே போனார். காய்ந்த புல்லில் மண்டியிட்டு, உடைந்த இறக்கையை, அடிபட்ட கையைத் தூக்குகிற பக்குவத்தில் நர்ஸ் தூக்கினார்.

"மாமா, நிஜமா எத்தனை விமானம் ஓட்டியிருக்கீங்க?"

கேப்டன் புல்லைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். உதவிக்கு எந்தப் பொத்தானும் இல்லை.

"இதுதான் முதல், மச்சான்."

நர்ஸ் இறக்கையை மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கும் இதுதான் முதல் மாமா. சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. சட்டையின் முன்பக்கத்தை மடியாக்கி, மரச் சில்லுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கினார். ஆணி அளவு சில்லைக்கூட விடவில்லை.

அன்று மாலையே தையல்கடை அம்மா தன் தெர்மாகோல் விமானத்தைக் கொண்டுவந்து, கம்பியை மாட்டினார். உடம்பெல்லாம் ஒட்டுப்போட்ட விமானம். ஆறு நிமிடத்தில் ஐந்து முறை அவர் கையிலிருந்து அந்த அம்மா வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறாவது முறை வாங்கவில்லை. கோணல்மாணலாக, வயிற்றால் தேய்த்துக்கொண்டு, விமானம் அவர் கையாலேயே தரைக்கு வந்து சேர்ந்தது. இறங்கிய பிறகும் கேப்டனின் கட்டைவிரல்கள் குச்சியை விடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன கேப்டன், எப்படி?"

"பயமா இருக்குங்க" என்றார்.

"அதான் சரி" என்றார் அந்த அம்மா. அன்றுதான் 'கேப்டன்' என்றதில் சிரிப்பு இல்லை.

மச்சானும் அவரும் ஒன்றரை மாதம் ஒட்டிச் சேர்த்த சிவப்பு விமானம் மறுபடி மேலே போன அன்று, ரிமோட் அந்த அம்மா கையில்தான் இருந்தது. கேப்டனாகவே கொடுத்தார். ஆள் தெளிந்துவிட்டார் என்று நானும் நம்பினேன். போன ஞாயிறு மைதானத்துக்குப் போனால், புதிதாக வந்த ஒருவரிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார்: "விழுறதுலயும் ஒரு முறை இருக்குங்க. நான் சொல்றேன் கேளுங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: அந்த இறக்கை சாய்ந்த இடத்தைப் படித்தபோது, ரிமோட்டைக் கையால் தொட்டே அறியாத நீங்கள், 'நானா இருந்தா எந்தப் பக்கம் தள்ளியிருப்பேன் தெரியுமா?' என்று மனசுக்குள் ஆரம்பிக்கவில்லையா?