மைக்செட் பாய் போட்ட நாலாம் பந்தி

சத்தம் போடாமல் ஒரு காரியம் செய்யத் தெரியாத மனிதர் திருவண்ணாமலையில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவரைத்தான் நாங்கள் செஸ் போட்டி நடத்தச் சொல்லியிருக்கிறோம். எங்கள் புத்தியை நீங்களே மெச்சிக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்யும். ஆதார் அட்டையில் அச்சடித்திருப்பார்கள்; நான் பார்த்ததில்லை. ஊருக்கு அவர் மைக்செட் பாய். காதுகுத்து, கட்சிக் கூட்டம், மீலாது விழா, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது என எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கரைத்தான் கட்டுவார்கள். பௌர்ணமி கிரிவலத்தின்போது ஆளைப் பிடிக்க முடியாது. அதனால் இரண்டு பௌர்ணமிக்கு நடுவில் வருகிற ஒரு சனி, ஞாயிறில்தான் எங்கள் போட்டி. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தை அன்று சும்மா கேட்டு வாங்கிவிடுவார். பெஞ்சும் மேஜையும் தயாராகக் கிடக்கும், காகிதத்தை விரித்துப் பலகையை வைத்தால் வேலை முடிந்தது.

நான் ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன். போட்டியில் நடுவர். அதாவது, பாய் சத்தமாகக் கலைப்பதையெல்லாம் சத்தமில்லாமல் அடுக்கி வைக்கிறவன்.

முன்பெல்லாம் எல்லாரும் ஒரே கூட்டமாகத்தான் ஆடினார்கள். அதில் கண்டக்டர் என்று ஒருவர், அடி அண்ணாமலைக்காரர், அரசு பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு ஆட்டம் ஆடுவார், ஆறும் தோற்பார். வேலூரிலிருந்து வந்த கல்லூரிச் சாம்பியன் அவரைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். இவர் காய்களை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். பாய்க்கு அது பொறுக்கவில்லை.

"ரேட்டிங் பாத்துப் பிரிச்சிடுங்க சார். ஜாஸ்தி ஜாஸ்தியோட ஆடட்டும், கம்மி கம்மியோட ஆடட்டும்" என்றார்.

எங்கள் செஸ் சங்கத்துக்கென்று ஒரு ரேட்டிங் உண்டு. ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். அதை வைத்து நாலு பிரிவாக்கினேன். ஆயிரத்து அறுநூறுக்கு மேல் முதல் பிரிவு. ஆயிரத்துக்குக் கீழே உள்ளவர்களும், ரேட்டிங்கே இல்லாதவர்களும் நாலாவது. நான் அழகாக ஏ, பி, சி, டி என்று எழுதி ஒட்டினேன். பாய் அதைக் கிழித்துப் போட்டார். 'டி' என்றால் பரீட்சையில் கோட்டைவிட்ட மாதிரி இருக்கிறதாம். சாப்பாட்டுக் கூடம்தானே, பந்தி என்றே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார். நாலு பந்திக்கும் ஒரே உயரக் கோப்பை. முதல் பந்திப் பெரிய மனிதர்கள் முணுமுணுத்தபோது, கல்யாணத்தில் கடைசிப் பந்திக்கு வேறு சாம்பாரா ஊற்றுகிறார்கள் என்று கேட்டார். நான் சாப்பிட்ட கடைசிப் பந்திகளில் சாம்பார் வேறாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் பாயிடம் அதைச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

முதல் நாளே வினை வந்தது. மொட்டை மாடியில் தெருவைப் பார்த்துக் குழாயைக் கட்டி, இரண்டாம் பந்தி இப்போது ஆரம்பமாகிறது, அனைவரும் உள்ளே வந்து அமருமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று முழங்கினார். கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த மூன்று வெளியூர்க்காரர்கள் உள்ளே வந்து, கையைக் கழுவிக்கொண்டு, செஸ் பலகைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். இலை எப்போது போடுவீர்கள் என்று ஒருவர் என்னையே கேட்டார். பாய் அசரவில்லை. எதிர்க் கடையிலிருந்து பொங்கல் வாங்கி வந்து, தனி மேஜையில் உட்காரவைத்துப் பரிமாறி அனுப்பினார்.

பிரித்த பிறகு இன்னொரு தலைவலி. கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருப்பவர் ஒருவர் நன்றாக ஆடக்கூடியவர். மேல் பந்திக்குப் போனால் கோப்பை கிடைக்காது என்று, ஒரு போட்டியின் கடைசி ஆட்டங்களில் வேண்டுமென்றே தோற்று ரேட்டிங்கைக் குறைத்துக்கொண்டார். அடுத்த போட்டியில் மூன்றாம் பந்திக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார். நான் கண்டுபிடித்துச் சொன்னேன். பாய் கொதித்துப் போனார். தோற்பது அவமானமே இல்லை, தோற்கிற மாதிரி நடிப்பதுதான் அவமானம் என்று மைக்கிலேயே சொல்லி, அவரை மூன்று போட்டிக்குத் தள்ளி வைத்தார். மனிதர் வெட்கப்பட்டுப் போய், பிறகு திருந்தி, ஒழுங்காக இரண்டாம் பந்திக்கு வந்து சேர்ந்தார்.

கீழேயே இருக்க ஆசைப்படுகிறவர்களை மேலே கிளப்ப பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். பந்தி மாறுகிறவரின் பெயர், ஊர், தெரு, அப்பா பெயர் எல்லாவற்றையும் சேர்த்து, மந்திரி பதவியேற்ற மாதிரி தெருவுக்கே அறிவிப்பார். கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான், ஊரே ராத்திரி பகலாகப் பயிற்சி எடுக்க ஆரம்பித்துவிட்டது. ரேட்டிங் ஏறாதவர்கள்கூட, ஒரு பந்தி மேலே ஆடிப் பார்க்கிறோம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

போன போட்டியில் அது எங்கே போய் முட்டியது தெரியுமா? சனிக்கிழமை காலை பட்டியலைப் பார்க்கிறேன், நாலாம் பந்தியில் ஒரே ஒரு பெயர். கண்டக்டர்.

மூன்றாவதோடு சேர்த்துவிடலாம், கம்ப்யூட்டரில் ஐந்து நிமிட வேலை என்றேன். கண்டக்டர் காதில் அது விழுந்துவிட்டது. பரவாயில்லை, நீங்கள் நடத்துங்கள், நான் கிளம்புகிறேன் என்று பையை எடுத்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இன்று போனால் இந்த மனிதர் இனி வரமாட்டார் என்று எனக்கும் தெரிந்தது, பாய்க்கும் தெரிந்தது.

பாய் அவர் பையைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். "ஒருத்தர் மிச்சம் இருந்தாலும் பந்தி போடணும் சார். எலையத் தூக்கினு வேற பந்திக்குப் போன்னு சொல்லுவோமா?"

எதிரே யார் உட்காருவது என்று கேட்டேன். எனக்கும் ரேட்டிங் இல்லைதானே என்றார் பாய். நியாயம்தான். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு காயைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. ஆடத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டேன். எல்லார் முதுகுக்குப் பின்னாலும் நின்று பார்த்திருக்கிறாராம். அது போதுமாம்.

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு பேர் பந்தி, இரண்டு நாளில் ஆறு ஆட்டம். பழக்க தோஷம், ஒவ்வொரு முறை காயை நகர்த்தும்போதும் "குதிரை", "யானை" என்று அறிவித்தார். கண்டக்டர் இரண்டு முறை உதட்டில் விரல் வைத்தார். முதல் ஆட்டம் கண்டக்டருக்கு வெற்றி. எங்கள் போட்டிகளில் அவர் ஜெயித்த முதல் ஆட்டம். கூடமே எழுந்து பார்த்தது. இரண்டாவதும் அவருக்கே.

ஆனால் அவர் சிரிக்கவில்லை. பாயை நேராகப் பார்த்தார்.

"பாய், எனக்கு விட்டுக்குடுத்து ஆடறீங்களா? முப்பது வருஷம் பஸ்ல யாருக்கும் ஓசி டிக்கெட் குடுத்ததில்ல நானு. எனக்கும் வேணாம்."

பாய்க்குச் சிறிய குரல் ஒன்று இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சார், ஷீட்டைப் பாருங்கள் என்றார், எனக்கே கேட்கவில்லை. நகர்வுகள் எழுதிய தாளைப் பார்த்தேன். அதை எடைபோடும் அளவுக்கு எனக்கு ஆட்டம் போதாது. யாரைக் கூப்பிடுவது என்று சுற்றிப் பார்த்தேன். அந்த வித்தையில் ஊரிலேயே நிபுணர் ஒருவர்தானே? உரக்கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

அவர் இரண்டு ஆட்டத்தையும் பலகையில் முதலிலிருந்து ஆடிப் பார்த்தார். பாய் வியர்த்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் பை மறுபடியும் கையில்.

"வேணும்னு தோக்கறவங்க நல்லா ஆடிட்டு ஒரே ஒரு எடத்துல தப்பு பண்ணுவாங்க. நான் அப்டித்தான் பண்ணேன்" என்றார் உரக்கடைக்காரர். "பாய் மொத நகத்தல்லேர்ந்தே தப்பாதான் ஆடியிருக்காரு. இப்டி யாராலயும் நடிக்க முடியாதுங்க."

பாய் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேரன் பிறந்த சேதி கேட்டவர் மாதிரி ஆகிவிட்டார். கண்டக்டர் பையைக் கீழே வைத்துவிட்டு, காய்களை அடுக்க ஆரம்பித்தார். ஆனால் பாய் உட்காரவில்லை. அந்தத் தீர்ப்பை எழுத்தில் தந்தால்தான் ஆச்சு என்று என்னிடம் பிடிவாதம். எழுதினேன். மேற்படியார், சுய நினைவுடனும், முழு மனதுடனும், எவருடைய தூண்டுதலும் இன்றி நேர்மையாகத் தோற்றார் என்று. உரக்கடைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நான் எழுதிய பத்திரங்களில் வில்லங்கமே வராது என்று சத்தியம் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

கண்டக்டர் ஐந்து ஜெயித்தார், பாய் ஒன்று. அந்த ஒன்றுக்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கக் கண்டக்டர் பாயோடு பேசவில்லை. சாயங்காலம் கோப்பையை வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் அதை மடியில் வைக்காமல், ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்து, பக்கத்தில் தான் உட்கார்ந்துகொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை பாய் என் மேஜைக்கு வந்து, தனக்கு ரேட்டிங் எவ்வளவு வந்தது என்று கேட்டார். அறுநூற்றுப் பன்னிரண்டு என்றேன். தனக்குக் கீழே யார் என்றார். யாருமில்லை பாய் என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்போ கண்டக்டருக்குக் கீழ ஒருத்தர் வந்துட்டாரு" என்றார், திருப்தியாக.

புதுப் பட்டியல் ஒட்டினால் ஊரே அதை மேலேயிருந்துதான் படிக்கிறது. நான் கீழேயிருந்து படிக்கிறேன். எங்கள் பாய் அங்கேதான் இருக்கிறார்.