தாம்பூலப் பையில் ஒரு நாவல்

ஒரு விடுகதை போடுகிறேன், அவிழ்த்துப் பாருங்கள். முதுகு உண்டு, எலும்பில்லை. முந்நூறு இலை உண்டு, கிளையில்லை. இருநூறு பேராகக் கட்டிலுக்கடியில் படுத்திருப்பார்கள், ஒருவரும் வந்து எழுப்பமாட்டார்கள். அது என்ன?

விடை: என் ஐந்தாவது நாவல், 'எட்டுப் பாகம் ஆழம்'.

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பவன் கதை; பாகம் என்பது கடலாழத்தை அளக்கும் ஆறடிக் கணக்கு. நாயகன் நாலாம் பக்கத்தில் குதிக்கிறான். ஐந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் மேலே வருகிறான். "இடையில் மூச்சுத் திணறுவது வாசகருக்கு" என்று ஒரு பத்திரிகை எழுதியது. கிடைத்த ஒரே விமர்சனம் அது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

என் முதல் நாவலை உறவினர்கள் வாங்கினார்கள். இரண்டாவது வந்தபோது உறவினர்கள் குறைந்துவிட்டார்கள். இப்போது பதிப்பாளர் வன்னியபெருமாள் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஐம்பது வாசகர் கடிதம் காட்டுங்க சார். ஆறாவது நாவலை அச்சடிக்கேன். இல்லேன்னா இத்தோட நிறுத்திக்குவோம்."

ஐம்பதா! இதுவரை வந்தவை மூன்று. அதில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது.

அந்த மாதம் என் ஐந்து வயது மகள் சரண்யாதேவிக்குக் காதுகுத்து. இருநூறு பேருக்குத் தேங்காய் போட்ட தாம்பூலப் பை கொடுக்க வேண்டும். தேங்காய்க்குப் பதில் நாவலைப் போட்டால்? இருநூறு வீடு! நாலு வீட்டுக்கு ஒருவர் எழுதினாலே ஐம்பது! மனைவியிடம் ஓடினேன்.

"செல்வராணி, இந்த வீட்டுல நான் இதுவரைக்கும் செய்யாத ஒரு காரியம் செய்யப்போறேன்."

"துணி மடிக்கப் போறியளா?"

திட்டத்தைச் சொன்னேன்.

"தேங்கா இல்லாத பையா? எங்க பெரியம்மா வாங்குன கையோட உங்க மேலயே எறிவாக."

"புத்தகம்தான, பூ மாதிரி."

"அறுநூறு பக்கம். மண்ட உடையும்."

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவளே காப்பியோடு வந்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"நமக்குள்ள எதுக்குச் சண்டை? பிள்ளைக்கு விசேஷம், பிள்ளையே சொல்லட்டும். காது குத்தி முடிஞ்சதும் ஒரு தேங்காயும் உங்க புத்தகமும் முன்னால வைப்போம். அவ எதை எடுக்காளோ, அதுதான் இருநூறு பையிலயும்."

"எழுதித் தாரியா?"

"எழுதுறது உங்க வேலை. நான் சொன்னா சொன்னதுதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சரண்யா என் கட்சி. என் நாவல்களை அடுக்கி வீடு கட்டுவாள். இரண்டைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். என் எழுத்து வேறு யாருக்கும் இத்தனை உபயோகப்பட்டதே இல்லை, இவள் ஒருத்திக்குத்தான்.

செல்வராணி இன்னொன்றும் சொன்னாள். "தேங்கா அவளுக்குத் தெரிஞ்ச பொருள். குத்துற நேரம் உங்க புத்தகத்த அவ கையில குடுங்க. பிடிச்சிட்டே இருந்தா பழகிரும்லா?"

எதிராளிக்கு இப்படி ஒரு யோசனை சொல்ல யாருக்கு மனசு வரும்? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மண்டபத்தில் கூட்டம். தாய்மாமன் மாரிராஜ் மடியில் சரண்யா. கையில் நாவல். நான் குனிந்து காதில் சொன்னேன்: "விட்டுராத கண்ணு. அப்பா புத்தகம் கையில இருந்தா வலிக்கவே வலிக்காது."

ஆசாரி வலது காதைக் குத்தினார். அவள் போட்ட அலறலுக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் பதில் ஊதியது. சரண்யா புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அத்தான், இன்னொரு காது இருக்கு," என்றான் மாரிராஜ். "புத்தகத்த நல்லாப் பிடிச்சிக்கிடச் சொல்லுங்க."

கீழே விழுந்திருந்ததை எடுத்து நானே மறுபடி அவள் கையில் திணித்தேன். ஆசாரி இடது காதையும் குத்தினார்.

செல்வராணி பிள்ளையின் கண்ணைத் துடைத்து, தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். ஒரு பக்கம் தேங்காய். ஒரு பக்கம் 'எட்டுப் பாகம் ஆழம்'. இருநூறு பேரும் எட்டிப் பார்த்தார்கள். செல்வராணி என்னைப் பார்க்கவேயில்லை.

சரண்யாதேவி தேங்காயை எடுத்தாள்.