இமீன் என்பது மீன் அல்ல

தருமபுரம், காரைக்கால்.

மதிப்பிற்குரிய சிவநாதன் ஐயா அவர்களுக்கு, தருமபுரம் குஞ்சிதபாதம் பணிவன்போடு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் மனைவி வடிவாம்பாளும் மகள் தாமரைச்செல்வியும் உடம்பளவில் சௌக்கியம். திருநள்ளாற்றில் தாங்களும் தங்கள் துணைவியார் சந்திரலேகா அம்மாளும் மாப்பிள்ளை ரஞ்சித்குமாரும் (மாப்பிள்ளை என்று எழுதலாமா என்று இரண்டு முறை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன்) நலமாக இருக்கவும், தங்கள் லாட்ஜில் சனிக்கிழமைதோறும் ஓர் அறைகூடக் காலியில்லாமல் இருக்கவும் வேண்டுகிறேன். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நினைக்கக் கூடாது. இந்த ஒரு மாதத்தில் பதினோரு முறை போன் செய்துவிட்டேன். மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை.

விஷயம் இதுதான். தாங்கள் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் பூஜை அறையில் மீன் இருந்ததாகத் தங்கள் வீட்டில் ஓர் எண்ணம். மீன் இல்லை ஐயா. இருந்தது இமீன். ஆல்டிஹைடு என்று ஒன்று, அமீன் என்று ஒன்று. இரண்டும் சேர்ந்தால் நடுவிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கழன்றுபோய் இமீன் உண்டாகிறது. அதில் செம்பு உப்பைக் கரைத்தால், நண்டு கொடுக்கால் பிடிப்பதுபோல அந்த இமீன் செம்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். முப்பத்திரண்டு வருஷம் வேளாண்மைத் துறையில் யூரியாவைப் பற்றி மட்டுமே பேசியவன் நான். இவ்வளவும் என் மகள் சொல்லிக்கொடுத்தது.

அப்படிப் பிடித்திருக்கிறது என்று நிரூபிக்க, கடுகில் பாதி அளவுக்காவது ஒரே ஒரு நல்ல படிகம் வேண்டும். அதை எக்ஸ்ரே எடுத்தால்தான் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். அது இல்லாமல் செல்வியின் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குக் கடைசி அத்தியாயம் இல்லை. உதவித்தொகையோ டிசம்பரோடு முடிகிறது. நான்கு முறை கரைசலைக் குப்பியில் ஊற்றி அசையாமல் வைத்தாள், நான்கு முறையும் பொடியாகவே இறங்கியது. கல்லூரிக்குப் பக்கத்தில் புதுக் கட்டடத்துக்குத் தூண் இறக்குவதால் தரை அதிர்கிறதாம். அவளுடைய பேராசிரியை ஹஃப்ஸா அம்மா அரைமனதோடு சம்மதித்து, ஐந்தாவது குப்பியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத இடம் பூஜை அறைதான். நெருப்பு ஆகாது என்பதால் வடிவாம்பாள் விளக்கைக் கூடத்துக்கு மாற்றினாள். கிரைண்டரை நிறுத்தினாள். பன்னிரண்டு நாள் எங்கள் வீட்டில் யாரும் குதிகால் ஊன்றி நடக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் தாங்கள் ஒன்பது பேர் வேனில் வந்து இறங்கினீர்கள். சாமி கும்பிட்டுவிட்டு உட்காரலாம் என்று தாங்கள் பூஜை அறைப் பக்கம் திரும்பியதும் நான் குறுக்கே பாய்ந்து கையை விரித்தது தவறுதான். வேறு வழி தெரியவில்லை. அந்தச் சமயம் பார்த்து சந்திரலேகா அம்மாள், "பொண்ணு எதுலங்க ஆராய்ச்சி பண்ணுது?" என்று கேட்டார்கள். நான் பெருமையாக, "இமீனுங்க" என்றேன்.

"மீனுங்களா?"

"ஆமாங்க, இமீனு. வீட்டுலயேதான் வச்சிருக்கு. பூஜை ரூம்ல."

"நாங்க சைவமுங்க."

"நாங்களும் சைவந்தாங்க. அது அசையக்கூடாதுன்னுதான் ஃபேன்கூடப் போடல."

"உசுரோடயா இருக்கு?"

"இன்னும் வளந்துக்கிட்டிருக்குங்க!"

இதற்கு மேல் விதி என்ன செய்தது என்றால், அன்று காலை ஆய்வகத்தில் செல்வியின் துப்பட்டாவில் அமீன் சிந்தியிருந்தது. அமீனுக்குக் கருவாட்டுக் கூடை வாடை. அவசரத்தில் வந்தவள் அதைப் பூஜை அறைக் கதவு ஆணியிலேயே மாட்டிவிட்டுப் புடவை மாற்றப் போய்விட்டாள். தங்கள் துணைவியார் மூக்கைப் பொத்தினார்கள். செல்வி காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது வேன் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது. ஒன்பது காபியையும் நானும் வடிவாம்பாளும் இரவுவரை சுடவைத்துச் சுடவைத்துக் குடித்தோம்.

நடந்ததை மகளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நீங்க ஒண்ணும் பொய் சொல்லலியேப்பா, எல்லாம் நெசந்தானே" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணம் போனால் இன்னொன்று வரும், இந்தக் குப்பியும் பொடியாகப் போனால் இவள் என்ன செய்வாள் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

அதற்கு நான்காம் நாள் காலை அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடிவந்துவிட்டார்கள். குப்பியின் அடியில் கரும்பச்சையாக ஆறு துண்டு, ஒவ்வொன்றும் பட்டை தீட்டியதுபோல. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். என் பென்ஷன் உத்தரவு வந்த அன்றுகூட நான் அழவில்லை. எக்ஸ்ரேவுக்கு அனுப்பி, போன வாரம் முடிவு வந்தது. நடுவில் செம்பு, இரண்டு பக்கமும் இமீன், அவள் வரைந்து வைத்திருந்தபடியே! ஹஃப்ஸா அம்மா போனில், "ஒங்க புள்ள ஜெயிச்சிட்டா சார்" என்றார்கள்.

ஆகவே ஐயா, தயவுசெய்து வரும் வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு இன்னொரு முறை வர வேண்டும். பூஜை அறை திறந்திருக்கும். ஃபேன் ஓடும். கேள்விகளுக்கு வடிவாம்பாள் பதில் சொல்வாள், நான் வாய் திறக்க மாட்டேன். சந்திரலேகா அம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் இருவர் ஆசியும்.

தங்கள் நல்ல பதிலை எதிர்நோக்கும்,
குஞ்சிதபாதம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது செல்வி வாங்கிப் படித்துவிட்டாள். ரஞ்சித்குமார் பெண் பார்க்க வந்த அன்று மாலையே அவளுக்குப் போன் செய்து விவரம் கேட்டாராம். போன வாரம் கல்லூரிக்கே வந்து படிகத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாராம். டிசம்பரில் அவள் ஆய்வேட்டைக் கொடுத்ததும் தை மாதம் கல்யாணம் என்று இருவரும் முடிவு செய்து, தாங்களும் முந்தாநாளே சரி என்றுவிட்டீர்களாம். சந்திரலேகா அம்மாளும் வடிவாம்பாளும் தினம் அரைமணி நேரம் பேசுகிறார்களாம். ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை வரவும் வேண்டாம். தேதி குறிக்க ஞாயிற்றுக்கிழமை நாங்களே வருகிறோமாம். "எங்கிட்ட ஏண்டி சொல்லல?" என்று வடிவாம்பாளைக் கேட்டேன். "நாலு நாளா உக்காந்து ஏதோ எழுதிக்கிட்டிருந்தீங்களே, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்கிறாள்.